ஒரு கை தண்ணீர்

இப்படி எழுதுவதற்குக் கொஞ்சம் தலை நரைத்திருக்க வேண்டும். மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பிய பிறகுதான் ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து 'என் பணிக்காலத்தில்' என்று ஆரம்பிப்பார். எனக்கு வயது முப்பத்து நாலு. கடிகாரம் கிடைக்கவில்லை. எட்டு வருஷம் சமூகநலத் துறைக் கள அலுவலராகத் திருவனந்தபுரம் ஜில்லா முழுக்க அலைந்துவிட்டு அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போகிறேன். போகிறவன் சும்மா போகாதே, புதிதாக வருகிறவர்களுக்கு நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போ என்றார்கள். உங்களுக்குத் தமிழிலேயே எழுதச் சொன்னார்கள். ஏனென்றால் தமிழ் பேசுகிற வீடுகளுக்குப் போகத்தான் உங்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்: கரமனை, கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெருக்கள், தெற்கே எல்லையோரக் கிராமங்கள், விதுராவுக்கு மேலே உள்ள எஸ்டேட் தொழிலாளர் லயங்கள்.

தமிழ் தெரியும் என்பது உங்கள் தகுதி. என் தகுதியும் அதுதான். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதத்தில், மனநல ஆஸ்பத்திரியின் பூட்டிய வார்டுக்கு ஒரு மனிதரை அனுப்பப் பார்த்தேன். கதை நல்லபடியாக முடிந்தது, பயப்படாதீர்கள். முடிந்ததால்தான் எழுத முடிகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு போஸ்ட் கார்டு வந்தது. கீழே பெயர் இல்லை. கரமனையில் ஒரு தெருவில், மூளை வளர்ச்சி குறைந்த ஒருவரை அவருடைய சொந்த அக்காவே தினமும் ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டுவிட்டு வெளியே போகிறாள், யாராவது வந்து பாருங்கள் என்று மலையாளத்தில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

அப்போது குழந்தை என்றால் நமக்கு ஒரு வழிமுறை இருந்தது. பெண்கள் என்றால் ஒன்று இருந்தது. நாற்பது வயது ஆண்பிள்ளையை அவன் வீட்டிலேயே கட்டி வைத்திருந்தால் என்ன செய்வது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. போய்ப் பார்க்கிற ஆபீசரின் மூளைதான் வழிமுறை. அன்றைக்கு அது என் மூளை.

ஜீப்பையும் ஒரு உதவியாளரையும் கூட்டிக்கொண்டே போனேன். அந்த ஒன்றிலேயே நான் என்ன முடிவோடு போனேன் என்பது தெரியும். ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கிற அக்ரஹாரத் தெரு. கதவு வெளியே தாழிட்டிருந்தது, பூட்டவில்லை. உள்ளே கூடத்து ஊஞ்சலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, நெற்றியில் விபூதி இட்டு, துவைத்த வேஷ்டி கட்டியிருந்தார். இடுப்பைச் சுற்றி முறுக்கிய பழைய வேஷ்டித் துணி. அதன் மறுமுனை ஜன்னல் கம்பியில்.

பெயர் கேட்டேன். "ராமு" என்றார். அக்கா எங்கே என்றேன். "கல்யாணம்" என்றார், சிரித்துக்கொண்டே. பேச்சுக்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அக்கா கல்யாணச் சமையல் வேலைக்குப் போகிறவர், அன்றைக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ராமு சொன்னது மிகச் சரியான பதில்.

நான் கயிற்றைப் பார்த்தேன். கயிற்றின் நீளத்தைப் பார்க்கவில்லை. அது ஊஞ்சலுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் முற்றத்துக் கழிப்பறைக்கும் எட்டும். கொல்லைக் கதவுக்கு மட்டும் ஓரடி எட்டாது. ஒருவர் அதை எத்தனை தடவை அளந்து அளந்து கட்டியிருக்க வேண்டும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மொத்தம் நாற்பது நிமிஷம். ராமு எந்தத் தகராறும் செய்யாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். ஜீப் அவருக்குப் பிடித்திருந்தது. யாரோ மண்டபத்துக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும். வண்டி கிளம்பும்போது அக்கா ஓடி வந்தார். ஐம்பது வயதுக்காரர், விசாலம் மாமி என்று தெருவில் சொல்வார்கள். கையில் பரங்கிக்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. அழவில்லை, கத்தவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சார், ஒரு நிமிஷம், கேட்டேளா. அவனுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜலம்..."

"அங்க தண்ணியெல்லாம் உண்டு மாமி. நீங்க பேடிக்க வேண்டாம்" என்றேன். பயப்பட வேண்டாம் என்று.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவிடாமல் தடுத்ததற்காக எத்தனையோ தரம் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். முடித்திருந்தால் அடுத்த நாலு நாள் நடந்தது எதுவுமே நடந்திருக்காது. ஆனால் எனக்கு அவசரம். ஒரு மனிதனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் அன்று சாயங்காலம் என்னைப் பாராட்டி எல்லோருக்கும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் சாயாவும் வந்தது. இரண்டு பழம்பொரி சாப்பிட்டேன்.

ராமுவைச் சேர்த்த அரசு இல்லத்தின் சூப்பிரண்டு ஒரு மலையாளி அம்மா. கோபக்காரர் என்று பெயர். கோபத்துக்குக் காரணமும் இருந்தது: அறுபது பேருக்கு நாலு உதவியாளர்கள், ஒரு சமையற்காரர். மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போன் செய்து, நீ கொண்டுவந்து விட்ட ஆள் இங்கே நிற்க மாட்டான், வந்து ரிப்போர்ட்டைப் படி என்றார்.

போய்ப் படித்தேன். தட்டு வைத்ததும் டம்ளர் தண்ணீரை எடுத்துத் தட்டைச் சுற்றி வீசுகிறார். பக்கத்துத் தட்டில் தண்ணீர் விழுந்து சண்டை வருகிறது. கையைப் பிடித்துத் தடுத்தால் தள்ளுகிறார். வாசு என்கிற உதவியாளரின் கையில் நகக்கீறல். டம்ளரை எடுத்துவிட்டால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார், தட்டை எடுக்கும் வரை. சோறு உண்ண மறுக்கிறார். பழமும் சாயாவும் எடுத்துக்கொள்கிறார். டாக்டர் பார்த்து, இப்படியே விட முடியாது, மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

டாக்டர் எழுதியதற்கு முந்தின வரிகளைத் திரும்பப் படியுங்கள். பழம் வேண்டும், சாயா வேண்டும், சோறு மட்டும் வேண்டாம். வாயில் புண்ணில்லை, வயிற்றில் நோவில்லை. இது ஒரு ஒழுங்கு. யாரோ ஒருவர் ஒரு விதியை விடாமல் கடைப்பிடிக்கிறார். நான் அதைப் படித்துவிட்டு, பாவம், கட்டிப் போட்டே மூளையைக் கெடுத்துவிட்டாள் என்று மாமியின் மேல் கோபப்பட்டேன். ராமுவை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து நானே ஒரு தடவை பார்த்திருக்கலாம். ரிப்போர்ட் கையில் இருந்ததால் ஆளைப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆஸ்பத்திரிக்கு ஜீப் மூன்று மணிக்கு. அதற்குள் ரத்த உறவின் சம்மதக் கையெழுத்து வேண்டும், அதை நீயே வாங்கி வா என்றார் சூப்பிரண்டு. கையெழுத்து வந்தாலும் வராவிட்டாலும் ஜீப் போகும், சோறு இறங்காத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது: பூட்டிய வார்டுக்குள் ஒருவரை அனுப்ப ஒரு காகிதம் போதும். வெளியே எடுக்கப் பல காகிதம் வேண்டும், அதெல்லாம் நம்மைப் போன்றவர்களின் மேஜையிலிருந்து கிளம்ப வேண்டும். பல சமயம் கிளம்புவதே இல்லை.

கரமனைக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. மாமிக்கு அன்று வேலை இல்லை. ஜன்னல் கம்பியில் அந்தத் துணி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ராமுவுக்கு உடம்புக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும், இங்கே ஒரு கையெழுத்து என்று சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னேன். மாமி காகிதத்தை வாங்கி ஊஞ்சல் பலகையில் வைத்தார்.

"போடறேன். நான் போடல்லேன்னா மட்டும் விட்டுடப் போறேளா? மணி ஆயாச்சு. ரெண்டு வாய் சாப்டுட்டுப் போங்கோ."

எனக்கு அங்கே சாப்பிட மனம் வரவில்லை. தப்பிக்க ஒரு நல்ல காரணம் கைவசம் இருந்தது. "இல்ல மாமி, நான் கிறிஸ்தியானி" என்றேன். எங்கள் வீடு எல்லைப் பக்கம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார், மூன்று தலைமுறையாகச் சபை அங்கத்தினர்கள்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பசிக்குமோல்லியோ?" என்றார்.

கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில், வழக்கமாக ராமு உட்காருகிற இடத்தில் இலை போட்டார். உட்கார்ந்தேன். சோறு, பருப்பு, எரிசேரி. பிறகு ஒரு பித்தளைச் சொம்போடு வந்து என் பக்கத்தில் குனிந்து நின்றார். நான் டம்ளர் வரும் என்று காத்திருந்தேன். அவர் எதற்கோ காத்திருந்தார். "கையை நீட்டுங்கோ" என்றார். நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு கை தண்ணீர் விட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் குடித்துவிட்டேன்.

மாமி சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் புத்தியைப் பாருங்கோ. உங்களுக்கு இது ஏது. இலையைச் சுத்தி விடற ஜலம் அது, பரிசேஷணம். சாப்பாட்டுக்கு முன்னாடி பண்றது. ராமு உக்காந்தா நான் கையில விடுவேன். இத்தனை வருஷமா விட்டு விட்டு, இலையைப் போட்டா கை தானா சொம்பை எடுத்துடறது."

நான் கையைப் பார்த்தேன். இன்னும் நீட்டியபடியே இருந்தது. உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார், தட்டை எடுக்கும் வரை.

"பழத்துக்கும் இது வேணுமா மாமி?"

"பழத்துக்கு என்னத்துக்கு? காப்பிக்கும் வேண்டாம். சோத்துக்குத்தான். அப்பா அவனுக்குப் பூணூல் போட்டப்போ மந்திரம் ஒண்ணும் தலையில நிக்கல்லே. இதை மட்டும் ஒரு வருஷம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தார். அவனுக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான். ஜலம் சுத்தாம சோத்துல கை வைக்க மாட்டான்."

"நடுவுல யாராவது கையைப் பிடிச்சா?"

"மறுபடி மொதல்லேந்து." என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சொம்பைக் கீழே வைத்தார். "அன்னிக்கு இதைத்தானே சார் சொல்ல வந்தேன்."

என் அப்பா சோற்றின் முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்யாமல் ஒரு வாய் எடுக்க மாட்டார். அவர் கண்ணை மூடியிருக்கும்போது ஒரு ஆள் வந்து கையைப் பிடித்து இழுத்து, தட்டையும் தூக்கிக்கொண்டு போனால்? அதை மூன்று நாள் செய்தால்? அப்பாவும் தள்ளத்தான் செய்வார். அதையும் யாராவது ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். நானும் தமிழ், ராமுவும் தமிழ், ஆகவே ராமுவை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம். அவர்கள் சோற்றுக்கு முன்னால் என்ன செய்வார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

கையெழுத்தில்லாத காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். தெரு முனை பூத்திலிருந்து இல்லத்துக்குப் போன் செய்தேன். கிளார்க் எடுத்தார். ஜீப் வந்தாகிவிட்டது, டிரைவருக்கு வேறு ஓட்டம் இருக்கிறது, அதனால் மூன்று மணி இல்லை, இரண்டு மணிக்கே கிளம்புகிறது என்றார். சூப்பிரண்டைக் கூப்பிடச் சொன்னேன். வார்டில் இருக்கிறார், ஆளைத் தயார் செய்துகொண்டிருக்கிறார் என்றார். மணி ஒன்று இருபது. ஆட்டோ பிடித்தேன். மாமி வீட்டைப் பூட்டிக்கொண்டு, சொம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறினார்.

ஆட்டோவில்தான் மூன்று நாளைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். எதற்குக் கட்டிப் போட்டீர்கள்?

சில வருஷங்களுக்கு முன்னால் ராமு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய் ஆற்றில் இறங்கிவிட்டாராம். மணல் வாருகிறவர்கள் பார்த்துத் தூக்கி வந்து போட்டார்களாம். அன்றிலிருந்து மாமி வேலைக்குப் போகிற நேரத்துக்கு மட்டும் அந்தத் துணி. வந்ததும் முதல் வேலை அவிழ்ப்பதுதான்.

"நான் சமையலுக்குப் போகல்லேன்னா எங்க ரெண்டு பேருக்கும் இலை கிடையாது. அவிழ்த்து விட்டுட்டுப் போனா அவனே கிடையாது. நீங்க படிச்சவா, சொல்லுங்கோ சார். நான் என்ன பண்ணியிருக்கணும்?"

மூன்று நாள் முன்பு எனக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது.

இல்லத்து வாசலில் ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. ராமு சட்டை மாட்டி, தன் சாமான்கள் போட்ட காகிதக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மாமி அவரிடம் போகப் பார்த்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கொஞ்சம் பொறுங்கள் மாமி, அவர் உங்களைப் பார்க்க வேண்டாம் இப்போது.

சூப்பிரண்டு கையெழுத்து வாங்கிவிட்டாயா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவசரத்தில் எனக்கு மலையாளம் குழறியது. அவர் கேட்டுவிட்டு, "வெள்ளமோ? ஒரு கை வெள்ளத்தினா இத்தறயும்?" என்றார். ஒரு கைத் தண்ணீருக்காகவா இவ்வளவும் என்று. நம்பவில்லை. டாக்டர் எழுதியது கையில் இருக்கிறது, வழியில் இவன் மயங்கி விழுந்தால் நீயா பதில் சொல்வாய் என்றார். நான்தான் என்றேன். எழுதிக் கொடு என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். என் பொறுப்பில் ஜீப்பை நிறுத்தி வைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கால் மணி நேரம் என்றார்.

மாமி அதற்குள் குழாயடியில் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்த இடத்தில்தான் நான் அன்று உருப்படியாக ஒன்று செய்தேன். நீங்கள் ஊற்ற வேண்டாம் மாமி என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் விட்டால் இன்றைக்குச் சாப்பிடுவார். அக்கா கையால் மட்டும்தான் சாப்பிடுவான் என்று அதையும் எழுதிவிடுவார்கள். நாளைக்கு யார் விடுவது? இங்கே இருக்கிற ஒரு கைதான் விட வேண்டும். மாமி சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் சொம்பை வாசுவிடம் நீட்டினேன். கீறல் பட்டவர் அவர்தான். ஒரு எட்டுப் பின்னால் போனார். "எனிக்கு வய்யா சாரே. இதினு பிராமணன் வேண்டே?" என்றார். என்னால் முடியாது சார், இதற்கு ஒரு பிராமணன் வேண்டாமா என்று.

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. "ஜலம் விடறதுக்கு ஒரு கை போறும். விடச் சொல்லுங்கோ."

ராமுவை மேஜைக்குக் கூட்டி வந்தோம். ஸ்டீல் தட்டில் ஆறிப்போன சோறு. வாசு, எதற்கும் இருக்கட்டும் என்று மற்றத் தட்டுகளை ஒரு முழம் தள்ளி வைத்தார். ராமு தட்டைப் பார்த்தார். பிறகு, எந்த நம்பிக்கையும் இல்லாமல், பழக்கத்தில் நீட்டுவது போல் உள்ளங்கையை நீட்டினார். வாசு ஊற்றினார். அதிகமாகவே ஊற்றிவிட்டார், மேஜையெல்லாம் தண்ணீர்.

ராமு கையில் இருந்த தண்ணீரைப் பார்த்தார். வாசுவைப் பார்த்தார். அவசரமே படாமல் தட்டைச் சுற்றி விட்டார். மறுபடி கையை நீட்டி, ஒரு வாய் வாங்கி உறிஞ்சினார். சோற்றில் ஐந்து சின்னப் பருக்கை அளவு எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் சாம்பார்ப் பாத்திரத்தைப் பார்த்து, இது எங்கே என்பது போல் விரலைக் காட்டினார்.

மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாம் தரத்தின்போது சூப்பிரண்டு எழுந்து வாசலுக்குப் போனார். ஜீப்பின் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி காலியாகக் கிளம்பியது. அவர் திரும்பி வந்தார். வாசுவிடம், "மோரு கூடி ஒழிக்கு" என்றார். மோரும் விடு.

கதவுக்குப் பின்னால் மாமி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை தரம் வாங்கிண்டான்?"

"மூணு."

"எங்காத்துல ரெண்டுதான்" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. பிறகு, "நீங்க இலையில கையே வைக்காம எழுந்து வந்துட்டேளே" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

சாப்பாடு தீர்ந்தது, கயிறு தீரவில்லை. ராமுவை வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி ஜன்னல் கம்பி. இல்லத்திலேயே வைத்துக்கொண்டால் அக்காவுக்குத் தம்பி இல்லை, தம்பிக்கு அக்கா இல்லை. பகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. சூப்பிரண்டு இரண்டு நாள் யோசித்தார். கோபக்காரர்கள் யோசித்தால் நன்றாக யோசிப்பார்கள். பார்வையாளரை வெளியே போ என்று சொல்லவும் விதியில் இடமில்லை என்று கண்டுபிடித்தார். அதனால் சமையல் வேலை உள்ள நாட்களில் மாமி போகிற வழியில் ராமுவை வாசலில் விடுவார். ராமு பார்வையாளர் புத்தகத்தில் ஒரு கோடு கிழிப்பார். பக்கத்தில் கிளார்க் எழுதுவார். பெயர்: ராமச்சந்திரன். பார்க்க வந்தது: வாசு. காரணம்: ஊண். பகல்நேரப் பராமரிப்புக்கு முறையாக உத்தரவு வருவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அது வரை அந்த இல்லத்துக்கு அவ்வளவு விசுவாசமான பார்வையாளர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஜன்னல் துணியை மாமி கிழித்துக் கைப்பிடித் துணி ஆக்கிக்கொண்டார்.

உங்கள் சேர்க்கைப் படிவத்தில் கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறதே, 'இவர் எப்படிச் சாப்பிடுவார், எப்படித் தூங்குவார், எதற்குப் பயப்படுவார், யார் சொன்னால் கேட்பார்' என்று, அது அப்போது இல்லை. அந்தப் படிவத்தில் அங்க அடையாளத்துக்கு இடம் இருந்தது, கொண்டுவந்த சாமான்களுக்கு இடம் இருந்தது. அந்தப் பக்கத்தை முதலில் நான் கையால் எழுதிப் பின்குத்தினேன். சூப்பிரண்டு அதை உருட்டச்சில் ஓட்டிப் பிரதி எடுத்தார். இப்போது அச்சில் வருகிறது. தயவுசெய்து அதை ஆபீஸில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.

உயிருக்கு உடனே ஆபத்து இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. இல்லையென்றால், யாரையும் வீட்டிலிருந்து எடுப்பதற்கு முன் அந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் இருங்கள். இதைக் கேட்டு, வீட்டுக்காரர்கள் சொல்வதை எல்லாம் நம்பச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விதுராவுக்கு மேலே ஒரு வீட்டில் ஐந்து பேர் என்னைச் சுற்றி நின்று, பெரியவருக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவருக்கென்று ஒரு தட்டு இல்லை, தேடினார்கள். அவரை அன்றே கூட்டி வந்தேன். அங்கே கயிறு இல்லை, பூட்டு இல்லை, புகார் எழுதவும் யாருமில்லை. அந்தத் தேடல் ஒன்றுதான் சாட்சி. அதைப் பார்க்க நான் பசியோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

யாராவது ஓடி வந்து ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அதை முடிக்க விடுங்கள். எட்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இதுதான்.

போன வாரம் விடைபெற்றுக்கொள்ள இல்லத்துக்குப் போயிருந்தேன். சூப்பிரண்டு ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்குக் கடிகாரம் கிடைத்தது. வாசு இருக்கிறார். ராமுவும் இருந்தார், காதோரம் நரைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வாசு பிடித்து உட்கார வைத்தார். தட்டு வந்தது. நான் சோற்றில் கை வைக்கப் போனேன். பக்கத்தில் நிழல் தட்டியது. பார்த்தால் ராமு, கையில் அந்தப் பித்தளைச் சொம்பு. மாமி அன்றைக்கு விட்டுவிட்டுப் போனது அங்கேயே தங்கிவிட்டது.

கையை நீட்டினேன். ஊற்றினார். இந்த முறை குடிக்கவில்லை. எட்டு வருஷமாகப் பார்த்த தைரியத்தில் தட்டைச் சுற்றி விட்டேன்.

ராமு பார்த்துக்கொண்டே நின்றார். திருப்தி இல்லை. என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பி வைத்து, மறுபடி தண்ணீர் விட்டார்.

"அந்தப் பக்கம் இல்லே" என்று விரலால் எதிர்த்திசையில் ஒரு வட்டம் காட்டினார். "இந்தப் பக்கம். மொதல்லேந்து பண்ணு."